சேமித்த ஒலிப்பதிவு காணவில்லையா? தேடும் முறையும் மீட்கும் வழிகளும்

செட்டிநாட்டில் வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்து வைக்கும் வேலையைப் பலர் தாமாகவே மேற்கொண்டிருக்கிறார்கள். ஆயா பாடும் தாலாட்டு, பிள்ளையார் நோன்பைப் பற்றி அப்பத்தா சொல்லும் விளக்கம், பழனிப் பாதயாத்திரையில் காவடியோடு பாடிச் செல்லும் பாட்டு, பர்மாவிலிருந்து 1942-இல் உயிர் தப்பித் திரும்பியவர்கள் தம் பிள்ளைகளிடம் சொல்லிச் சென்ற செய்திகள் என்று அவர்கள் பதிவு செய்பவை பலவகை. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவின் பிற்கால உரைகளைக் கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றுபவர்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவதாலும், 2000-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருப்பதாலும் அதை நம்பித் தொடங்குகிறார்கள். அவர்கள் அடிக்கடி சந்திக்கும் இடர், சேமித்த கோப்பு மறுநாள் கண்ணில் படாமல் போவது.

தொண்ணூறு வயதைக் கடந்த ஒருவரிடம் அதே பாட்டை மறுபடியும் பாடச் சொல்ல முடியாமல் போகலாம். பழைய கேசட்டின் நாடா இரண்டாம் முறை ஓட்டும்போது அறுந்துவிடலாம். ஆகவே காணாமற்போன கோப்பைத் தேடுவதில் ஓர் ஒழுங்கு தேவை. காணவில்லை என்று சொல்லப்படும் கோப்புகளில் பல, அழிந்தவை அல்ல. வேறு கோப்புறையிலோ, வேறு பெயரிலோ, வேறு வடிவத்திலோ அதே கணினியில் இருப்பவை. பதற்றத்தில் முதல் சில நிமிடங்களில் நாம் செய்யும் செயல்கள்தாம் அவற்றை உண்மையிலேயே அழித்துவிடுகின்றன.

முதலில் செய்யக் கூடாதவை

கணினியிலிருந்து ஒரு கோப்பு நீக்கப்படும்போது அதன் உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. அது இருந்த இடம் காலியானது என்று மட்டுமே குறிக்கப்படுகிறது. அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பழைய ஒலி அங்கேயே கிடக்கும். எனவே எந்த மெமரி கார்டிலிருந்து பதிவு காணாமற்போனதோ அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதிவு செய்யாதீர்கள். எந்த வன்தட்டில் காணவில்லையோ அதே வன்தட்டில் மீட்பு மென்பொருளை நிறுவாதீர்கள். தற்காலிகக் கோப்புகளைத் துப்புரவு செய்யும் கருவிகளை இயக்கக் கூடாது என்பதைத் தனியாகவே வலியுறுத்த வேண்டும், ஏனெனில் சேமிக்கப்படாத ஆடாசிட்டிப் பதிவுகள் தங்கியிருப்பது தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தில்தான்.

ஆடாசிட்டியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாரேனும் சொல்லக்கூடும். அதனால் காணாமற்போன கோப்பு திரும்பி வராது. கோப்புகளின் பெயரை மாற்றுவதையும், ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதையும் தேடல் முடியும் வரை தள்ளிப்போடுங்கள். எதைத் தொட வேண்டியிருந்தாலும், அதன் நகல் ஒன்றை வேறு வன்தட்டில் எடுத்து வைத்த பிறகே தொடுங்கள்.

எதைத் தேடுகிறோம் என்பதை முடிவு செய்தல்

ஒரு பதிவு வேலையில் மூன்று தனித்தனிப் பொருள்கள் உருவாகின்றன. முதலாவது மூலப் பதிவு: கைப்பதிவுக் கருவியிலோ கைபேசியிலோ பிறந்த கோப்பு. இரண்டாவது ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பு. நீங்கள் 'சேவ் புராஜெக்ட்' என்று சொல்லும்போது உருவாவது இது. ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். கைபேசியிலோ காரிலோ பாடாது. மூன்றாவது 'எக்ஸ்போர்ட் ஆடியோ' என்ற கட்டளையால் உருவாகும் எம்பி3 அல்லது வேவ் கோப்பு. சேமித்துவிட்டேன், ஆனால் எம்பி3 எங்கும் இல்லை என்று சொல்பவர்கள் பலரும் இரண்டாவதைச் செய்துவிட்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புராஜெக்டைச் சேமிக்கும்போது பெயரின் முடிவில் எம்பி3 என்று தட்டச்சு செய்தாலும் அது எம்பி3 ஆகிவிடாது. புராஜெக்டைத் திறந்து, எக்ஸ்போர்ட் செய்தால் போதும், எதுவும் தொலையவில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எம்பி3 மட்டும் கையில் இருக்கிறது, வெட்டி ஒட்டிய தடங்கள் கொண்ட புராஜெக்ட் இல்லை என்றால், எக்ஸ்போர்ட் செய்துவிட்டு மூடும்போது 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்ற கேள்விக்கு வேண்டாம் என்று பதில் தரப்பட்டிருக்கலாம். அப்படியானால் தடங்களாகப் பிரிந்த புராஜெக்ட் பெரும்பாலும் மீளாது. கலந்த ஒலி எம்பி3-இல் இருக்கிறது. மூலப் பதிவு கருவியில் இருக்கக்கூடும். அந்த இரண்டையும் பத்திரப்படுத்துவதே அப்போதைய வேலை.

கோப்பின் வகையைக் கண்ணால் பார்த்து அறிய, விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும் பின்னொட்டுகளை முதலில் வெளிக்கொணர வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இப்போதைய ஆடாசிட்டிப் புராஜெக்டின் பெயர் ஏயூபி3 (aup3) என்று முடியும், 2021-இல் 3.0 பதிப்பு வருவதற்கு முன் உருவாக்கியவை வெறும் ஏயூபி என்று முடியும். இந்த ஓர் எண்ணின் வேறுபாடு மிகப் பெரியது.

பழைய புராஜெக்டுகளின் இரட்டை அமைப்பு

ஏயூபி என்று முடியும் பழைய கோப்பில் ஒலி இல்லை. அதன் பக்கத்தில், அதே பெயரோடு 'டேட்டா' என்ற சொல் ஒட்டிய ஒரு கோப்புறை இருக்க வேண்டும். ஒலி முழுவதும் அதனுள் சிறுசிறு துண்டுகளாக இருக்கிறது. பழைய வட்டிக்கடைக் கணக்கில் ஐந்தொகைத் தாள் மட்டும் மிஞ்சி, பேரேடுகள் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது: எது எங்கே இருந்தது என்ற குறிப்பு கையில் இருக்கும், இருந்த பொருள் இருக்காது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் ஒருவர் மின்னஞ்சலில் ஏயூபி கோப்பை மட்டும் அனுப்பிவைக்கும்போது நேர்வது இதுதான். அந்தச் சிறு கோப்பின் அளவே அதைக் காட்டிக்கொடுக்கும்.

அத்தகைய புராஜெக்டைத் திறக்கும்போது ஒலித்துண்டுகள் காணவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், மாற்றம் எதுவும் செய்யாமல் உடனே மூடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். காணாத ஒலிக்குப் பதிலாக நிரந்தர மௌனத்தை இட்டு நிரப்பும் வழியும் அதே சாளரத்தில் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் பின்னர் கோப்புறை கிடைத்தாலும் புராஜெக்ட் அதை ஏற்காது. மூடிய பிறகு, மூலக் கணினியில் அந்தக் கோப்புறையைத் தேடி, பழைய பெயரை மாற்றாமல் ஏயூபி கோப்பின் அருகில் வையுங்கள். யாராவது எக்ஸ்ப்ளோரரில் அழகுக்காகப் பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயரைத் திரும்பக் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து சரியாகத் திறந்ததும், புதிய பதிப்பில் ஏயூபி3 ஆகச் சேமித்துக்கொள்ளலாம். பழைய இரட்டையை அப்போதும் அழிக்க வேண்டியதில்லை.

பழைய பதிப்புகளில் இன்னொரு பொறியும் இருந்தது. வேவ் கோப்புகளை உள்ளே நகலெடுக்காமல், இருக்கும் இடத்திலிருந்தே படித்துக்கொள்ளும் வசதி அது. கடையிலிருந்து பென் டிரைவில் வந்த பதிவை அப்படியே திறந்து வேலை செய்து, டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் புராஜெக்டில் அந்தப் பகுதி வெறுமையாகிவிடும். 3.0 முதல் இந்த முறை கைவிடப்பட்டு, ஒலி முழுவதும் ஏயூபி3 கோப்புக்குள்ளேயே நகலெடுக்கப்படுகிறது.

கணினிக்குள் தேடும் முறை

ஆடாசிட்டியைத் திறந்து 'ஃபைல்' மெனுவில் 'ரீசன்ட் ஃபைல்ஸ்' பட்டியலைப் பாருங்கள். அண்மையில் திறந்த, சேமித்த புராஜெக்டுகள் அங்கே முழு முகவரியோடு இருக்கும். முகவரியைக் குறித்துக்கொண்டு அந்தக் கோப்புறைக்கே போனால் பல சமயங்களில் தேடல் அங்கேயே முடிந்துவிடும். பட்டியலில் உள்ள பெயரை அழுத்தியும் திறக்கவில்லையென்றால், அந்தக் கோப்பு நகர்த்தப்பட்டிருக்கிறது அல்லது அது இருந்த டிரைவ் இப்போது இணைக்கப்படவில்லை என்று பொருள். முகவரியின் முதல் எழுத்து எந்த டிரைவ் என்பதைச் சொல்லிவிடும். சி, டி அல்லாத எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் பென் டிரைவையோ வெளி வன்தட்டையோ தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது பெயரை விட்டுவிட்டுப் பின்னொட்டால் தேடுவது. தாலாட்டு, ஒப்பாரி போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். நேற்று நாம் எழுதிய விதமே இன்று நினைவிருப்பதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சிட்ட பெயர்கள், கோப்புப் பட்டியலில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளாகவே தோன்றும். தமிழில் எவ்வளவு தேடினாலும் அவை அகப்படமாட்டா. ஆகவே எக்ஸ்ப்ளோரரில் 'திஸ் பிசி' என்ற இடத்தில் நின்று, தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, அதன்பின் ஏயூபி3 என்பதன் ஆங்கில எழுத்துகள் என்ற வரிசையில் இடுங்கள். எல்லா டிரைவ்களிலும் உள்ள ஆடாசிட்டிப் புராஜெக்டுகள் அனைத்தும் வரிசையாக வரும். அவற்றை மாற்றப்பட்ட தேதியின்படி வரிசைப்படுத்துங்கள். எம்பி3-க்கும் வேவுக்கும் இதே முறையைப் பின்பற்றலாம்.

தேதி உதவாவிட்டால் அளவு உதவும். ஆடாசிட்டி இயல்பாக 32 பிட் ஃப்ளோட் முறையில், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் பதிவு செய்தால், இரு தடம் கொண்ட ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 எம்பி இடத்தைப் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 1.27 ஜிபி. மோனோ என்றால் இதில் பாதி. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தை ஸ்டீரியோவில் மாற்றியிருந்தால் 950 எம்பிக்கு அருகில் ஒரு புராஜெக்ட் இருந்தாக வேண்டும். பெயர் சரியாக இருந்தும் கோப்பு சில நூறு கேபி மட்டுமே இருந்தால், நீங்கள் தேடும் ஒலி அதில் இல்லை. வேறு பெயரில் இருக்கும் பெரிய கோப்பைத் தேடுங்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்த நொடியிலிருந்து ஆடாசிட்டி புதிய பெயரிலேயே சேமிக்கத் தொடங்கும் என்பதால், பழைய பெயரில் உள்ளதைத் திறந்துவிட்டு வேலை காணவில்லை என்று எண்ணுவதும் நடக்கிறது.

வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினியில் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறை தனித்தனி. விடுமுறைக்கு வந்த பேரன் தன் கணக்கில் நுழைந்து பதிவு செய்துவிட்டுப் போயிருந்தால், அந்தக் கோப்பு உங்கள் கணக்கில் தெரியாது. ஒன்டிரைவ் என்னும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு இயங்கும் கணினிகளில் 'டாக்குமென்ட்ஸ்' என்பதே ஒன்டிரைவின் கோப்புறைக்குள் மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம். எனவே அதே பெயரில் இரண்டு இடங்கள் இருக்கும், இரண்டையும் பாருங்கள். கோப்பின் பக்கத்தில் மேகக் குறி மட்டும் இருந்தால் அதன் உள்ளடக்கம் இணையத்தில் இருக்கிறது என்று பொருள். இணைய இணைப்போடு திறந்தால் இறங்கிவிடும். 2024-இல் வந்த 3.5 பதிப்பு முதல் ஆடாசிட்டியிலேயே இணையச் சேமிப்பு உண்டு. சேமிக்கும்போது கணினியா இணையமா என்று கேட்கும் சாளரத்தில் எதை அழுத்தினோம் என்று நினைவில்லாதவர்கள், அந்த இணையச் சேமிப்புக் கணக்கில் நுழைந்தும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற காவல் இயக்கப்பட்டிருந்தால், டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளில் ஆடாசிட்டி எழுதுவதையே அது தடுத்துவிடும். சேமிக்க முயலும்போதெல்லாம் பிழைச் செய்தி வந்தால், ஆடாசிட்டியை அனுமதிக்கப்பட்ட நிரல்களில் சேருங்கள். அல்லது டி டிரைவில் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அங்கே சேமியுங்கள்.

மின்சாரம் போனபோது பாதியில் நின்ற பதிவு

பதிவின் நடுவே மின்தடை ஏற்பட்டுக் கணினி அணைந்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம். ஆடாசிட்டி பதிவு செய்யும் ஒலியை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை. அவ்வப்போது வன்தட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. மின்சாரம் வந்ததும் ஆடாசிட்டியைத் திறந்தால் தானியங்கி மீட்புச் சாளரம் தோன்றி, மீட்கக்கூடிய புராஜெக்டுகளைப் பட்டியலிடும். வேண்டியதைக் குறியிட்டு 'ரெகவர் செலெக்டட்' என்பதை அழுத்துங்கள். மீண்டு வந்ததும், கேட்டுப் பார்ப்பதற்கு முன்பாகவே வேறொரு புதிய பெயரில் சேமித்துவிடுங்கள். அந்தச் சாளரத்தில் 'டிஸ்கார்டு' என்ற சொல்லைத் தாங்கிய பொத்தானும் அருகிலேயே இருக்கிறது. அதை அழுத்தினால் திரும்ப வழியில்லை. வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் சரளமாக வராதென்றால், அந்தச் சாளரத்தைப் படம் எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு அழுத்துவதே நல்லது, அது காத்திருக்கும்.

மீட்புச் சாளரம் வரவில்லை என்றால், ஆடாசிட்டியின் 'எடிட்' மெனுவில் 'பிரிஃபரன்சஸ்', அதில் 'டைரக்டரீஸ்' பகுதியைத் திறங்கள். தற்காலிகக் கோப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன என்ற முகவரி அங்கே எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் அது உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்ற மறைக்கப்பட்ட கோப்புறையின் உள்ளே, ஆடாசிட்டியின் பெயரில், செஷன்டேட்டா என்று முடிவது வழக்கம். மறைந்திருக்கும் கோப்புறை என்பதால் சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாது. முகவரியை நகலெடுத்து எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டியில் ஒட்டினால் நேரே அங்கே செல்லலாம். பெயரில் தேதியும் நேரமும் கொண்டு, பின்னொட்டில் ஏயூபி3-ஐ அடுத்து 'சேமிக்கப்படாதது' என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல் ஒட்டிய கோப்புகள் அங்கே இருந்தால், ஆடாசிட்டியை மூடிவிட்டு அந்தக் கோப்புறை முழுவதையும் வேறு வன்தட்டுக்கு நகலெடுங்கள். நகலில் உள்ள கோப்பின் பின்னொட்டை ஏயூபி3 என்று மாற்றித் திறந்து பார்க்கலாம். மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே பெயர் கொடுத்துச் சேமித்த புராஜெக்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கணினி நின்றுபோயிருந்தால், ஏயூபி3 கோப்பின் பக்கத்தில் அதே பெயரோடு 'வால்' (wal), 'எஸ்எச்எம்' (shm) என்று முடியும் இரண்டு புதிய கோப்புகளைக் காண்பீர்கள். ஏயூபி3 உண்மையில் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளக் கோப்பு. புராஜெக்ட் திறந்திருக்கும்போது செய்யப்படும் அண்மை மாற்றங்கள் முதலில் அந்த வால் கோப்பில் எழுதப்பட்டு, பின்னர் முதன்மைக் கோப்புக்குப் போகின்றன. முறையாக மூடினால் இவை இரண்டும் தாமாகவே மறையும். மறையாமல் இருக்கின்றன என்றால் கடைசி வேலை இன்னும் அவற்றில் இருக்கிறது என்று பொருள். குப்பை என்று எண்ணி அவற்றை அழித்துவிட்டு ஏயூபி3-ஐ மட்டும் நகலெடுத்துச் செல்பவர்கள், மீட்டிருக்கக்கூடிய வேலையைத் தாமே இழக்கிறார்கள். மூன்றையும் ஒரே கோப்புறையில், பெயர் மாற்றாமல், சேர்த்தே நகலெடுத்து, பிறகு ஆடாசிட்டியில் திறங்கள்.

திறக்கும்போது தரவுத்தளம் சிதைந்துள்ளது என்ற செய்தி வந்தால், ஆடாசிட்டி புராஜெக்ட் டூல்ஸ் என்ற தனிக் கருவி உதவும். அது கட்டளைவரியில் இயங்குவது. சிதைந்த தரவுத்தளத்தைச் சரிசெய்யவும், அதுவும் கைகூடாதபோது உள்ளே இருக்கும் ஒலித்துண்டுகளை மட்டும் வெளியே எடுக்கவும் முயலும். இது பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டிய கருவி அன்று. ஊரில் கணினி படித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, நகலின் மீது மட்டும் இயக்கச் சொல்லுங்கள்.

பென் டிரைவும் மெமரி கார்டும்

அச்சகம், ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ என்று பல கணினிகளில் செருகப்படும் பென் டிரைவில் ஒரு நாள் எல்லாக் கோப்புறைகளும் சிறு அம்புக்குறி கொண்ட ஷார்ட்கட்களாக மாறிக் கிடக்கும். இது வைரஸின் வேலை. அது உண்மையான கோப்புறைகளை அழிப்பதில்லை; கணினிக்குரிய மறைகோப்புகள் என்று முத்திரையிட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வைக்கிறது. போலிகளை அழுத்தாதீர்கள். வைரஸ் தடுப்பு நிரல் உள்ள கணினியில் டிரைவைச் சோதித்த பின், எக்ஸ்ப்ளோரரின் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்து, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் குறியையும் நீக்குங்கள். உங்கள் கோப்புறைகள் மங்கலாகத் தோன்றும். உள்ளே இருக்கும் ஒலிக்கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு டிரைவைப் புதிதாக ஃபார்மட் செய்துவிடலாம்.

பென் டிரைவிலிருந்து அழித்தவை கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. அங்கே தேடி நேரத்தைக் கழிக்காமல் மீட்பு மென்பொருளுக்குப் போங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல் ஒளிப்படங்களுக்காகப் பெயர் பெற்றதெனினும் வேவ், எம்பி3 முதலிய ஒலி வடிவங்களையும் அடையாளம் கண்டு மீட்கும். அது பழைய பெயர்களைத் திருப்பித் தராது என்பதால், மீண்ட கோப்புகளை அளவாலும் காதாலும்தான் பிரித்தறிய வேண்டியிருக்கும். மீட்கப்பட்டவற்றை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. கணினியின் உள்ளே இருப்பது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம் என்றால், அழித்த இடத்தை அதுவே விரைவில் துடைத்துவிடும் இயல்புடையது. அங்கே மீட்பு நம்பிக்கை மிகக் குறைவு.

எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு இருக்க முடியாது. இதனால் ஆடாசிட்டி அத்தகைய டிரைவில் புராஜெக்டைச் சேமிக்க மறுத்துவிடும். மறுப்புச் செய்தியைப் படிக்காமல் மூடிவிட்டு, சேமிக்கப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். பல கைப்பதிவுக் கருவிகளோ, ஒரு கோப்பு 2 ஜிபி அளவை எட்டியதும் அதை முடித்துவிட்டு அடுத்த எண்ணில் புதிய கோப்பைத் தொடங்குகின்றன. இரவெல்லாம் நடந்த ஒரு நிகழ்ச்சியின் பிற்பகுதி காணவில்லை என்றால், கார்டில் அடுத்த எண்ணுள்ள கோப்பைத் திறந்து பாருங்கள்.

கோப்பு இருந்தும் ஒலி இல்லாதபோது

எக்ஸ்போர்ட் செய்த கோப்பு முழு நீளத்துடன் இருந்தும் மௌனமாகவோ, ஒரு குரல் மட்டும் இல்லாமலோ இருந்தால், புராஜெக்டில் அந்தத் தடம் 'மியூட்' செய்யப்பட்டிருக்கிறதா, வேறொரு தடம் 'சோலோ' செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மியூட் செய்த தடம் எக்ஸ்போர்ட்டில் கலக்காது. கோப்பு சில நொடிகளே இருந்தால், தேர்வு செய்த பகுதியை மட்டும் வெளியிட்டிருப்பீர்கள். கைபேசியில் பதிவான எம்4ஏ கோப்பு ஆடாசிட்டியில் திறக்கவில்லையென்றால், அது கெட்டுப்போனதாக எண்ணாதீர்கள். விண்டோஸில் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும்.

பதிவுக் கருவியின் பேட்டரி நடுவில் தீர்ந்துபோனால் கார்டில் உள்ள வேவ் கோப்பு நீளம் சுழியம் என்று காட்டும், எந்தப் பிளேயரும் பாடாது. வேவ் கோப்பின் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதியில் ஒலியின் மொத்த அளவு எழுதப்பட வேண்டும். பதிவு முறையாக நிறுத்தப்படாததால் அந்த எண் எழுதப்படவில்லை. ஆனால் கோப்பின் அளவு பல எம்பி இருக்குமானால் ஒலி உள்ளே இருக்கிறது. ஆடாசிட்டியின் 'ஃபைல்' மெனுவில் 'இம்போர்ட்', அதில் 'ரா டேட்டா' என்பதைத் தேர்ந்து அந்தக் கோப்பைக் கொடுங்கள். குறியீட்டு முறையாக 16 பிட் சைன்டு பிசிஎம், வரிசையாக லிட்டில் எண்டியன், தொடக்க இடமாக 44 பைட், மாதிரி வீதமாகக் கருவியில் வைத்திருந்த 44,100 அல்லது 48,000 ஆகியவற்றை இடுங்கள். வெறும் இரைச்சல் வந்தால் கருவி 24 பிட்டில் பதிவு செய்திருக்கலாம், அதை மாற்றிப் பாருங்கள். அல்லது தொடக்க இடத்தை ஒவ்வொரு பைட்டாக நகர்த்திப் பாருங்கள். பேச்சு இரு மடங்கு நீண்டு, தடித்த குரலில் கேட்டால் ஸ்டீரியோவை மோனோ என்று கொடுத்திருக்கிறீர்கள். சிறிதளவு வேகமாகவோ மெதுவாகவோ கேட்டால் மாதிரி வீதம் தவறு. சரியாக வந்ததும் வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். இறந்துபோன கோப்பு என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பதிவுகளை இந்த ஒரு வழி மீட்டுத் தரும் என்பதால், எவரும் இதைச் செய்து பார்க்காமல் கைவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எம்4ஏ கோப்பில் நிலைமை வேறு. அதைப் படிக்கத் தேவையான அட்டவணை பெரும்பாலும் பதிவின் முடிவில்தான் எழுதப்படுகிறது; பாதியில் நின்றால் அட்டவணையே இருக்காது. அன்ட்ரங்க் என்ற கட்டற்ற நிரல், அதே கைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொண்டு, கெட்டதைச் சரிசெய்ய முயலும். மாதிரிக் கோப்பு அதே கைபேசியினுடையதாக இருத்தல் இன்றியமையாதது.

இனிப் பதிவு செய்யும்போது

பதிவைத் தொடங்குவதற்கு முன்பே வெற்றுப் புராஜெக்டுக்குப் பெயரிட்டு, கணினியின் உள் வன்தட்டில் சேமித்துவிடுங்கள். பதிவு முடியும் வரை பென் டிரைவிலோ, ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையிலோ புராஜெக்டை வைத்து வேலை செய்யாதீர்கள். பெயரில் முதலில் தேதி, பிறகு ஊர், பிறகு பாடியவரின் உறவுமுறை, பிறகு பொருள் என்று வைத்துக்கொண்டால், கானாடுகாத்தானில் எடுத்ததும் கோட்டையூரில் எடுத்ததும் கலந்துபோகா. இருபதாம் நூற்றாண்டின் தமிழ் அச்சு நூல்களில் எத்தனையோ, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடித்தேடிச் சேர்த்து வைத்ததால் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. குரல்களைச் சேர்ப்பவர்களும் எடுத்த அன்றே அட்டவணை எழுதிவிட வேண்டும்.

அன்றைய பதிவு முடிந்ததும் புராஜெக்டைச் சேமிப்பதோடு நில்லாமல் வேவ் கோப்பாகவும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 'சேவ் புராஜெக்ட்' மெனுவில் உள்ள 'பேக்கப் புராஜெக்ட்' கட்டளையால் வெளி வன்தட்டில் ஒரு நகல் எடுங்கள். வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இன்னொரு நகல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. கருவியின் மெமரி கார்டை, இந்த நகல்களைத் திறந்து தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் கேட்டுப் பார்த்த பிறகே அழியுங்கள்.